ஊசியும் குளிசையும்

முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய என் வலது கை, நான் ஓய்வுபெற்ற மறு ஆண்டிலேயே தோளுக்கு மேல் எழ மறுத்துவிட்டது. சட்டை அணிவது ஒரு போராட்டமாயிற்று. தலை சீவுவதற்கு இடது கையைப் பழக்கினேன். இரவிலே தவறி அந்தப் பக்கம் புரண்டால் அன்றைய உறக்கம் அத்துடன் முடிந்தது. ஆஸ்பத்திரியிலே படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பிற் குறையில்லை, தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிட்டது, பயிற்சி செய்யுங்கள், நோவுக்குக் குளிசை போடுங்கள், பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்திருங்கள் என்பது நோவில்லாதவர் நோவுள்ளவருக்குச் சொல்லும் சொல்.

நான்கு மாதம் பொறுத்தபின், நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால், கொழும்பிலே சீன முறைப்படி ஊசிச் சிகிச்சை செய்யும் ஓர் அம்மையாரிடம் சென்றேன். மேல்நாட்டு மருத்துவத்திலே பட்டம் பெற்று, அதன்பின் சீனாவிற் பயின்று வந்தவர் அவர். இச்சிகிச்சை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1970களிலேயே களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய இதனைச் செய்து, வெளிநாட்டாரையும் தேடிவரச் செய்தார். ஆயினும் எனக்கு ஐயந்தான். உடம்பு நோகிறதென்று போனவனை ஊசியாற் குத்துவது எந்த நியாயத்திற் சேர்ந்தது?

அம்மையார் முதலில் ஊசியை எடுக்கவில்லை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பின்னர் இரு மணிக்கட்டுகளிலும் மும்மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். எங்கள் ஊர்ப் பரியாரியார் வாதம், பித்தம், சிலேற்பனம் என்று பார்த்த அதே இடம். அதே மூன்று விரல். அந்த ஒற்றுமையைக் கண்டபோதே என் ஐயத்திற் பாதி கழன்றுவிட்டது என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். தையலூசியிலும் மிக மெல்லிய, கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு ஊசிகளைத் தோளிலும் முழங்கையிலும் ஏற்றினார். வியப்பென்னவெனில் முழங்காலுக்குக் கீழேயும் ஒன்று ஏற்றினார். குத்தியபோது எறும்பு கடித்த அளவுகூட நோகவில்லை. ஊசியை மெல்லத் திருகியபோதுதான், நோவென்றும் விறைப்பென்றும் சொல்ல முடியாத ஒரு கனம் உள்ளே பரவிற்று. 'ச்சீ' வந்து சேர்ந்ததற்கு அதுவே அடையாளம் என்றார். நம் காதுக்கு இகழ்ச்சிக் குறிப்பாக ஒலிக்கும் இச்சொல், சீனருக்கு மூச்சு, ஆவி, உயிர்ப்பு ஆகிய யாவும் அடங்கிய பெருஞ்சொல்.

எட்டாம் முறைக்குப்பின் இரவெல்லாம் உறங்கினேன். பத்தாம் முறை முடிந்தபோது என் கை அலுமாரியின் மேற்றட்டை எட்டியது. அந்த மகிழ்ச்சியிலே ஊருக்குத் தொலைபேசி எடுத்து என் பெரியக்காவிடம், "அக்கா, இது அருமையான வைத்தியம்" என்று சொன்னேன். நான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது அந்த ஒரு வாக்கியத்தினாலேயே.

அக்காவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சலரோகம். காலையும் மாலையும் குளிசை. தம்பி சொல்லிவிட்டான் என்ற நம்பிக்கையில், அக்கா தன் ஊருக்கு அருகிலே இதே சிகிச்சை செய்வதாகப் பலகை தொங்கவிட்டிருந்த ஒருவரிடம் சென்றிருக்கின்றார். அவர் ஊசியும் ஏற்றி, ஏதோ மூலிகைத் தூளும் கொடுத்து, "இனி இங்கிலீசு மருந்து தேவையில்லை" என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழிந்து நான் ஊருக்குப் போனபோது அக்காவின் இடது காலிலே, எப்பொழுது உண்டானதென்று அவருக்கே தெரியாத ஒரு புண் இருந்தது. "ஏன் அக்கா குளிசையை விட்டனீங்கள்?" என்று கேட்டேன். "உனக்குச் சுகம் வந்தது எனக்கு வராதோ தம்பி?" என்றார். சத்திரசிகிச்சை செய்து இரண்டாம் விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாங்கிலே அமர்ந்திருந்த அந்த நாட்களிலேதான் இம்மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். என் தோளைத் தூக்கிவிட்டதும் அக்காவின் விரலை வாங்கியதும் ஒன்றேயா, வெவ்வேறா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று விளம்பரப் பலகைகள் கூறும். மண்ணுக்கடியிற் கிடைத்த சான்றுகள் அவ்வளவு தூரம் செல்லவில்லை. 1973இல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் மாவாங்துய் என்னுமிடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். அது கி.மு. 168இல் மூடப்பட்டது. உள்ளே பட்டுத் துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் இருந்தன. உடம்பில் ஓடும் பதினொரு நாளங்களை அவை கூறுகின்றன. மூலிகை கொளுத்திச் சூடு வைப்பதைக் கூறுகின்றன. நாளங்களில் ஊசி ஏற்றுவதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, கி.மு. 113இல் இறந்த லியூ ஷெங் என்னும் சிற்றரசனின் கல்லறையிலோ பொன்னூசி நான்கும் வெள்ளியூசி ஐந்தும் கிடைத்தன. 'மஞ்சட் பேரரசரின் அகநூல்' என்று சீனர் போற்றும் மூலநூலும் கி.மு. கடைசி இரு நூற்றாண்டுகளிலே தொகுக்கப்பட்டதென்பது அறிஞர் கருத்து. அதில் நாளங்கள் பன்னிரண்டாகி, ஊசி முதன்மை பெற்றுவிட்டது. இரண்டாயிரம் ஆண்டென்பதும் சிறிய பழமையன்று. அதனை ஐயாயிரமாக்க வேண்டிய தேவை விற்பவருக்கே உண்டு.

ஆசிரியனாக இருந்தவன் என்றபடியால் என் மனத்தைக் கவர்ந்தது சொங் வம்சத்துப் பரீட்சை முறை. 1027இல் வாங் வெய்யி என்னும் மருத்துவர், பேரரசரின் கட்டளைப்படி, ஆளளவான இரண்டு வெண்கல உருவங்களை வார்ப்பித்தார். உள்ளே கூடு, வெளியே ஊசி ஏற்றும் இடந்தோறும் நுண்துளை. பரீட்சை நாளில் உருவத்தின் மேலே மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீரை நிரப்பிவிடுவார்களாம். மாணாக்கன் சரியான இடத்திற் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி வெண்கலத்திலே முட்டி நிற்கும். புள்ளி போடுவதிலே ஆசிரியனுக்கு ஒரு தொல்லையுமில்லை, சிபாரிசுக்கும் இடமில்லை! ஆனால் அப்பரீட்சை எதைச் சோதித்தது என்று பின்னர் நினைத்துப் பார்த்தேன். மாணாக்கன் நூலிற் சொன்ன இடத்தை அறிவானா என்பதைச் சோதித்தது. நூலிற் சொன்ன இடந்தான் நோயைத் தீர்க்குமா என்பதை அந்த வெண்கல மனிதனாற் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி எழ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு செல்ல வேண்டியிருந்தது.

ஐரோப்பியர் இதனை அறிந்தது ஒல்லாந்தர் வழியாக. யாழ்ப்பாணக் கோட்டையைத் தன் கையில் வைத்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவரான வில்லெம் தென் ரைனே என்பவர், யப்பானிலே பணியாற்றியபோது கண்டவற்றை 1683இல் லத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார். ஊசி என்றும் குத்துதல் என்றும் பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களை அவர் இணைத்து வழங்கியதே இன்று உலகெங்கும் வழங்கும் 'அக்குபங்சர்' என்னும் பெயருக்கு மூலம்.

சீனர் யாவரும் இம்மருத்துவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றினர் என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. இதனை மிகக் கடுமையாகச் சாடியவர்கள் சீனரே. 1822இல் தாவோகுவாங் பேரரசர், அரசர் திருமேனியில் ஊசி குத்துவதும் சூடு வைப்பதும் தகாதென்று, அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அப்பிரிவையே நீக்கிவிட்டார். நவீன சீன இலக்கியத்தின் தந்தை என்று நாம் படிக்கும் லூ சுன்னின் கதை இன்னும் உருக்கமானது. அவருக்குப் பதினைந்து வயதாயிருக்கும்போது தந்தையார் நீர்க்கோவையால் வீங்கி இறந்தார். நோயின் பெயர் 'பறை வீக்கம்'. ஆகவே பழைய பறையின் தோலை அரைத்துச் செய்த உருண்டையைக் கொடுத்தார்கள். பறைத்தோல் கிழிந்தால் பறை வீக்கமும் கிழியும் என்பது நியாயம்! இன்னொரு மருந்துக்குத் துணையாகச் சிள்வண்டு ஒரு சோடி வேண்டுமென்றார்கள். அவையும் முதன்முதற் கூடிய சோடியாகவே இருக்க வேண்டுமாம். பள்ளிச் சிறுவன் வீட்டுப் பொருள்களை அடகுக் கடைக்குச் சுமந்து, அந்தக் காசைக் கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினான். அவன் வளர்ந்து, யப்பானிலே செண்டாய் நகருக்கு மருத்துவம் பயிலச் சென்றதற்கு அந்த ஓட்டமும் ஒரு காரணம். 1926இல் 'தந்தையின் நோய்' என்ற கட்டுரையில் இவற்றையெல்லாம் எழுதினார். அதனைப் படித்தபோது என் அக்காவின் கைப்பையில் இருந்த மூலிகைத் தூட் பொட்டலம் என் கண்முன் நின்றது.

1929 பெப்ரவரியில், யப்பானிலே மருத்துவம் பயின்ற யூ யுன்சியூ என்பவர் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பழைய மருத்துவத்தை அடியோடு ஒழிக்க நான்கிங் அரசாங்கத்தின் சுகாதாரக் குழு முடிவு செய்தது. மார்ச்சு 17ஆம் நாள் நாடெங்குமிருந்து வைத்தியர்களும் மருந்து வணிகர்களும் ஷங்காயிலே திரண்டு எதிர்த்தனர். தீர்மானம் நிறைவேறாமற் போயிற்று.

அதனைத் தூக்கி நிறுத்தியவர்கள் பொதுவுடைமைவாதிகள் என்பது வரலாற்றின் விளையாட்டு. 1949இல் ஐம்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் பயின்றவர் சில பத்தாயிரவரே இருந்தனர். இருப்பதை எறிந்துவிட்டு இல்லாததற்குக் காத்திருக்க முடியுமா? 1958இல் மா சே துங், சீன மருத்துவத்தைப் பெருங் களஞ்சியம் என்று புகழ்ந்து, அதனைத் தோண்டி எடுத்து உயர்த்துமாறு பணித்தார். ஆனால் அவர் தமக்கு நோய் வந்தால் அதனை நாடுவதில்லை என்று தம்மிடம் சொன்னதாக, அவருடைய மருத்துவர் லீ சூசுயி 1994இல் வெளிவந்த நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். அந்நூலைப் பலர் மறுத்துமிருக்கின்றனர்.

உலகம் வியந்து திரும்பிப் பார்த்தது 1971 யூலையில். 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் பீக்கிங்கிலே குடல்வால் அழற்சிக்கு ஆளானார். சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் வயிறு பொருமி வருந்தியபோது, வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி ஏற்றி, சுருட்டுப் போன்ற மூலிகைக் கட்டையைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார்கள். இருபது நிமிட வேலை. ஒரு மணி நேரத்திற்குள் பொருமல் தணிந்ததென்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டு நிக்சன் சீனாவுக்குப் போனார். அமெரிக்கா முழுவதும் ஊசிப் பேச்சாயிற்று. ரெஸ்ரனை ஊசியால் மயக்கியே வயிற்றைக் கீறினார்கள் என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறேன். அது பிழை. மரத்துப்போகச் செய்ததற்கு வழக்கமான மருந்தையே ஏற்றினார்கள். அதை அவரே தெளிவாக எழுதியிருக்கின்றார். அடுத்த தெருவுக்குப் போவதற்குள் செய்தி வளர்ந்துவிடுகின்றது. "அருமையான வைத்தியம்" என்று நான் தோளைப்பற்றிச் சொன்னது அக்காவின் காதிலே சலரோகத்துக்கும் சேர்த்து விழுந்ததுபோல.

வெண்கல மனிதனால் விடை சொல்ல முடியாத கேள்விக்கு வருவோம். நாட்பட்ட இடுப்புவலியுள்ள 1,162 பேரைக்கொண்டு ஜெர்மனியிலே ஒரு பெருஞ் சோதனை நடத்தி, 2007இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சீன நூல் சொன்ன இடங்களில் ஊசி. இன்னொரு பகுதியினருக்கு நூலில் இல்லாத இடங்களிலே, மேலோட்டமாக, பேருக்கு ஊசி. மூன்றாம் பகுதியினருக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதத்தின்பின் முறையான ஊசி பெற்றவரில் நூற்றுக்கு 47.6 பேர் குணங் கண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவரில் 27.4 பேர் மட்டுமே. ஊசியின் வெற்றி என்று கைதட்டலாம். ஆனால் பேருக்குக் குத்தப்பட்டவரில் 44.2 பேருக்கும் குணமாயிற்று! இடுப்புவலிக்கே அமெரிக்காவில் 638 பேரைக்கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், ஊசியே ஏற்றாமல், பல்லுக் குத்தும் குச்சியைத் தோலிலே அழுத்தித் திருகியவர்களுக்கும் ஏறக்குறைய அதே சுகம்.

இதனைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. என் முழங்காலின் கீழ் ஏற்றிய அந்த ஊசி? தோலிற் படும் குத்துக்கு உடம்பே சுரக்கும் வலிதணிப் பொருள்கள் ஒரு காரணமாகலாம். அரை மணி நேரம் அசையாது கிடத்தல், எனக்குச் சுகம் வருமென்ற எதிர்பார்ப்பு, ஒரு மருத்துவர் அவசரப்படாமல் என் கையைப் பிடித்து நாடி பார்த்த கனிவு ஆகியவையும் மருந்தாகலாம். நம் ஆஸ்பத்திரிகளிலே அந்தக் கடைசி மருந்துக்குத்தான் பெருந்தட்டுப்பாடு. இன்னொன்றையும் அறிந்தேன். இறுகிய தோள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளிலே, சிலருக்கு மூன்று ஆண்டுகளிலே, தானாகவே இளகிவிடுமாம். அப்படியானால் என் கையைத் தூக்கியது ஊசியா, காலமா? நான் சொல்ல வல்லேனல்லேன். உறக்கம் வந்தது, அதற்கு நன்றியுடையேன்.

ஊசியின் ஆட்சி நோவின் எல்லைக்குள்ளே இருக்கின்றது. தலையிடி, இடுப்புவலி, முழங்கால் நோவு, ஓங்காளம் ஆகியவற்றிலே அது உதவுவதாகச் சோதனைகள் கூறுகின்றன. உதவி சிறிதா பெரிதா என்பதே வழக்கு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரலகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே 'நெய்குவான்' என்றோர் இடமுண்டு. சத்திரசிகிச்சைக்குப்பின் வரும் ஓங்காளத்தை அவ்விடத்து ஊசியும் அழுத்தமும் குறைப்பதைப் பல ஆராய்ச்சிகள் கண்டன. நுவரெலியாப் பாதையிலே பஸ் வளையும்போதெல்லாம் வெளிறிப்போகும் என் பேர்த்திக்கு அவ்விடத்தை அழுத்தக் கற்பித்திருக்கின்றேன். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இரத்தத்திலே ஏறிய சீனியை இறக்க, குளிசைக்கு ஈடாக எந்த இடத்து ஊசியும் நில்லாது.

மூலிகையின் கதை வேறு. கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹொங், அவசர வேளைக்கு உதவும் கைந்நூல் ஒன்று செய்தார். முறைக்காய்ச்சலுக்குச் 'சிங்ஹாவோ' என்னும் பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்குமாறு அதிலே ஒரு குறிப்பு. நம் மாசிபத்திரிக்கு அது நெருங்கிய உறவு. 1967 மே 23இல் மலேரியாவுக்கு மருந்து தேடும் இரகசிய முயற்சியைச் சீனா தொடங்கிற்று. 1969இல் அதிலே சேர்க்கப்பட்ட தூ யூயூ என்னும் பெண்மணி பழஞ்சுவடிகளைத் துருவினார். சிங்ஹாவோவைக் காய்ச்சி எடுத்த சாறு ஒருமுறை பலித்தது, மறுமுறை பொய்த்தது. கே ஹொங்கின் குறிப்பை மீண்டும் படித்தபோது அவருக்கு ஒன்று தட்டுப்பட்டது: அதிலே அடுப்பே இல்லை! சூடுதான் மருந்தைக் கொல்கின்றதோ என்று கருதி, குறைந்த வெப்பத்திலே கொதிக்கும் ஈதரைக்கொண்டு சாறெடுத்தார். 1971 ஒக்ரோபர் 4ஆம் நாள், 191ஆம் மாதிரி சோதனை விலங்குகளிலே மலேரியாக் கிருமிகளை முற்றாக அழித்தது. மறு ஆண்டு நோயாளருக்குக் கொடுக்குமுன் அவரும் உடன் உழைத்தோரும் தாமே அதை உட்கொண்டு பார்த்தனர். 2015இல் நொபெல் பரிசு வந்தது. 1934-35இல் மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 உயிரைப் பலிகொடுத்த நாடு நம்முடையது. அம்மருந்தின் பெருமையை நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

'இலக்கிய மாணவன்' என்ற முறையில் இதிலே எனக்கொரு கர்வம். ஒரு பழைய வாக்கியத்தை ஒருத்தி சரியாகப் பொருள்கொண்டு வாசித்ததனால் இலட்சக்கணக்கானோர் பிழைத்தனர். அதே நேரம், வாசித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. வாக்கியத்தைச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். கொண்டுபோகாதவிடத்து நேர்வதையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கென்று கொடுத்த சீன மூலிகைக் கலவையில் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று சேர்ந்துவிட, நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகங் கெட்டனர். சேர்ந்துவிட்ட பூண்டு நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தது. அப்பெயரை வைத்த நம் முன்னோருடைய ஆடுகள் அறிந்திருந்ததை அந்த மருந்துக் கடை அறியவில்லை.

சென்ற மாதம் அக்கா கொழும்புக்கு வந்திருந்தார். தோளிலே நோவென்றார். நான் அதைக் கேளாதவன்போல இருந்தேன். "உன்னுடைய அந்த அம்மாவிட்டைக் கூட்டிக்கொண்டு போவன்" என்று அவரே கேட்டபின் மறுக்க முடியவில்லை. அம்மையார் நாடி பார்க்குமுன் கிளினிக் கொப்பியைக் கேட்டார். கடைசியாக இரத்தம் சோதித்த நாளைப் பார்த்தார். குளிசைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, காலையிற் போட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். தோளிலே நான்கு ஊசி ஏற்றினார்.

"தம்பிக்குக் காலிலையும் குத்தினீங்களாமே?" என்றார் அக்கா.

"உங்களுக்குக் காலில் வேண்டாம் அம்மா. அதிலே தொட்டால் தெரியுதோ?"

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. "தெரியாது" என்றார். அம்மையார் அந்த இடது காலைத் தம் மடியில் எடுத்து வைத்து, நான்கு விரல்களின் இடுக்குகளையும் விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.